குழி மூடும் காலம்

உள்ளங்கையில் முதலில் அடித்துக் காட்டினார் நஸ்ரின் டாக்டர்.
பேனா மாதிரி ஒன்று, முனையில் சிவப்புப் பொட்டு.
பச்சைக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டதும்
பொட்டைக் காணோம்.
ராயக்கோட்டை ரோட்டு லாரிகள் மட்டும்
சன்னலில் பச்சை பச்சையாய்ப் போயின.
பல் போன குழியோரம் வைத்துக்கொண்டு
தொண்ணூறு நொடி எண்ணினார்.
"அவ்வளவுதான், எந்திரிங்க."

சத்தமே இல்லை.
அதுதான் உறுத்தியது.
ஜெகதேவி குவாரியில் இருபத்திரண்டு வருஷம்
கம்ப்ரசர் பிடித்தவன் நான்.
சத்தமில்லாமல் செய்த வேலைக்கு
கூலி கேட்டவனையும் பார்த்ததில்லை,
கொடுத்தவனையும் பார்த்ததில்லை.

பங்குனியில் ஹோஸ் கிளிப் தெறித்தது.
சாரையாய்ப் புரண்டு வந்து தாடையில் ஒரு வீச்சு.
ஒரு பல் கல்தூளிலேயே விழுந்தது,
தேடவில்லை.
இன்னொன்றை இவர் எடுத்தார்.
அன்றிலிருந்து சிரிப்பு வருமுன்
கை வந்துவிடுகிறது வாய்க்கு.

"எலும்பு வளரணும் திம்மராயன்.
வளர்ந்தாத்தான் ஸ்க்ரூ நிக்கும்.
இந்த லேசர் அதுக்கு ஒரு ஒத்தாசை.
சிலருக்கு நல்லா கேக்குது, சிலருக்கு அவ்வளவா இல்ல,
சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.
நீங்க பீடிய விடறதுதான் பெரிய வைத்தியம்."

பீடியை விட்டேன், ஒன்பது நாள்.
மறுபடியும் விட்டேன்.

நாகவேணி ராத்திரிதோறும்
போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்க்கிறாள்.
"அங்க ஒரு தடவைக்கு ஐநூறு,
இது ஓசி, அசையாம இரு."

கல்லில் போட்ட குழி எனக்குத் தெரியும்.
ஆறடி இறக்குவேன், வரிசையாக,
ஆப்பு வைத்துப் பிளந்தால்
பாதிக் குழி மலையோடு நின்றுவிடும்.
கைவிட்ட பாறையில்
என் இருபது வயசுக் குழிகள் அப்படியே இருக்கின்றன.
வாய்விட்டு நிற்பதில் மழைத்தண்ணி தேங்கும்,
தவளை குடிவரும்.
மூடாது.
கல்லுக்கு அந்தப் புத்தி கிடையாது.

ஆடி கழிந்து படம் எடுத்தார்.
முன்னே எடுத்ததில் குழி கரிச்சட்டியின் அடி.
இதில் ஓரத்தில் வெள்ளை படிந்திருந்தது,
ரொம்ப லேசாக,
மதியச் சோற்றுக்கு உட்காரும்போது
என் புருவத்தில் இருக்குமே, அந்த மாதிரி.
ஆனால் என் மேல் படிந்ததெல்லாம்
மலை குறைந்த கணக்கு.
கூடுகிற வெள்ளையை
இப்போதுதான் பார்க்கிறேன்.

"நாள் இருக்கு, இருந்தாலும் கலர் பாத்து வச்சுக்கலாம்"
என்று ஒரு சட்டத்தை நீட்டினார்.
பதினாறு பல் வரிசையாய்.
பால், மோர், பழைய தந்தம்.
என் பல் போர்த்தண்ணி குடித்து வளர்ந்தது.
குறுக்கே பழுப்புக் கோடு ஓடும்.
தம்பிக்கும் அதே கோடு,
என்னோடு ஐந்தாவது படித்த
முப்பது பேருக்கும் அதே.

"இதுல கோடு போட்டது இல்லையா?"
"கோடு வேணுமா?"
"பக்கத்துப் பல்லு ஒதுக்கி வச்சிடுமே."

மாஸ்க்குக்குள் சிரித்தார்.
"லேப் சேலத்துல. சொல்லிப் பாக்கறேன்.
அந்தாளுக்கு நம்ம தண்ணி தெரியாது."

இன்னும் ஆறு வாரம்.
கம்ப்ரசர் நின்ற பிறகும் காதில் ஓடும் இரைச்சலோடு
படுத்திருக்கிறேன்.
நாக்கு தானாகப் போய்
குழியைத் தட்டிப் பார்க்கிறது,
பாறையைத் தட்டி
உள்ளே பொள்ளலா என்று கேட்பது போல.
உள்ளே வேலை நடக்கிறதாம்.
நானும் காது கொடுத்துப் பார்க்கிறேன்,
ஒன்றும் கேட்கவில்லை.