செல்லுபடியாகும் தேதி

ஓட்டேரி கிளையின் வைஃபை லாகின் பக்கத்துக்கு
ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்.
நாலாவது மாடி, சர்வர் அறை, இரவு பதினொன்றேகால்.
என்னோடு ஏசி மட்டும் விழித்திருக்கிறது.

இதுவரை இருந்தது
நானே எனக்குப் போட்டுக்கொண்ட கையெழுத்து.
பச்சை மையில் ஒப்பமிட ஓர் அதிகாரி இல்லாத ஜெராக்ஸை
எந்த கவுன்ட்டர் வாங்கும்?
ஒவ்வொரு போனும் முகம் சுளித்தது:
'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல.'
மருத்துவமனையில்
அந்த வரியை யாரும்
வைஃபையைப் பற்றியதாகப் படிப்பதில்லை.

இலவசமாய்க் கிடைப்பது தொண்ணூறு நாள் தாங்கும்,
தானே புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள்.
இந்தப் பெட்டி ஒன்பது வருடப் பழசு,
தானாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.
நட்சத்திரக் குறி போட்டது வாங்கினால்
ஓட்டேரி, அயனாவரம், மாதவரம்
மூன்றுக்கும் ஒன்றே போதும், ரேஷன் அட்டை மாதிரி.
சாவி ஓரிடத்தில் தொலைந்தால்
மூன்று வீடும் திறந்து கிடக்கும்.
கணக்குப் பிரிவு குணசீலி மேடத்தின் பதில் ஒரே வரி:
'எது குறைச்சலோ அது.'

இலவசத்தைச் சோதனைக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
காவலர் தணிகாசலம் கூப்பிட்டார்.
'சார், ஐசியூ வாசல்ல ஒரு அம்மா.
எல்லாருக்கும் வருது, அவங்களுக்கு மட்டும் நெட் வரல.
துபாய்ல பையனாம்.'

மெஹருன்னிசா. ரப்பர் பேண்ட் சுற்றிய போன்.
சார்ஜ் முழுக்க இறங்கி உயிர் வந்ததில்
2017 ஜனவரி ஒன்றில் நின்றிருந்தது.
அதன் கணக்கில் என் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை.
அதன் கணக்கில்
உள்ளே படுத்திருப்பவர்
மாதவரம் டிப்போவில் இன்றைக்கும் டூட்டி.

'தேதி தப்பா இருக்கும்மா.'
'இன்னிக்கு என்ன தேதி தம்பி?'
வாயெடுத்தேன், வரவில்லை.
தணிகாசலம் ரிஜிஸ்டரைப் புரட்டி
பதினாலு என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து,
'பன்னெண்டு தாண்டிருச்சுல்ல, பதினஞ்சு.'

பூட்டுக் குறி வந்தது. பையன் முகம் வந்தது.
அந்த அம்மா முதலில் கேட்டது:
'அங்க மணி என்னடா?'

மேலே வந்தேன்.
இலவசமே இருக்கட்டும்.
சுவரில் தினசரி காலண்டர் பதினொன்றாம் தேதியில் நின்றது.
நாலு தாள் கிழித்தேன்.
எண்பது தாள் தள்ளி, மூலையில்
'சான்றிதழ்' என்று எழுதினேன்.
பச்சைப் பேனா இல்லை. நீலம்தான்.