பதின்மூன்றாம் நாள், மூன்றாம் வரிசை

ஐம்பதாம் இலக்கப் பேருந்து இன்னும் ஓடத் தொடங்கவில்லை.
பாசலிலிருந்து, இருபுறமும் வேலியிட்ட சாலையில்
எங்களை ஒரு வேன் ஏற்றிப்போனது.
வாசலில் நாய்.
என் சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு முறை மோந்தது.
கத்தரிக்காய்க் குழம்பு, என்றேன்.
நாயைப் பிடித்திருந்தவர் சிரிக்கவில்லை.
நான் நாலடி நடந்தபின் சிரித்தார்.

கண்ணாடிச் சுவர் இருந்த இடத்தில் ஒட்டுப்பலகை.
தச்சன் பென்சிலால் குறித்த அளவுகள் அதில் அப்படியே.
பூங்கொத்துகளை அகற்றக் கூடாது என்று ஒரு தாள்,
அவசர வழியை மறைக்கக் கூடாது என்று இன்னொன்று.
துப்புரவு செய்யும் சுபைதா
பூக்களை இரண்டு சாண் நகர்த்தி
இரண்டு தாளுக்கும் கீழ்ப்படிந்தாள்.

இந்தக் கட்டடத்துக்குள் ஓர் எல்லை போகிறது.
இந்தப் பக்கம் சுவிஸ், அந்தப் பக்கம் பிரான்ஸ்.
குண்டு கடவுச்சீட்டு காட்டவில்லை.
திறப்பதற்குத்தான் இரண்டு கையெழுத்து,
இரண்டு முத்திரை, இரண்டு மொழியில் ஒரே வாக்கியம்:
பாதுகாப்பானது எனக் கருதப்படுகிறது.

கருதியது யார் என்று
இரண்டு மொழியிலும் இல்லை.

ஓடியவர்கள் விட்டுப்போன பைகள் எழுநூற்றுப் பதினெட்டு.
ஐந்து நாளாக என் திரையில் ஊர்ந்தன,
ரொட்டி செம்மஞ்சளாய், இரும்பு நீலமாய்.
ஒன்றில் அடுக்கடுக்காய் வட்டங்கள்,
ஒவ்வொரு வட்டத்திலும் நான்கு குழிகள்,
நடுவே ஒரு கம்பி.
நிபுணர் லூக்காஸ் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார்.
இட்லித் தட்டு, என்றேன்.
அவருடைய ஜெர்மனில் அந்தச் சொல் இல்லை.
கைகளால் ஆவியை வரைந்து காட்டினேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டுப் படிவத்தில் எழுதினார்:
சமையல். ஆபத்தில்லை.

எழுநூற்றுப் பதினொரு பைகளுக்கு உரியவர்கள் வந்தார்கள்.
ஏழுக்கு, உறவினர்.

சாந்த்ரீன் இன்னும் பணிப்பட்டியலில் இருக்கிறாள்.
நாலரைக்கு அவளைக் கணினி அழைக்கிறது,
நாலே முக்காலுக்குச் சிவப்பாகிறது: பிந்தியுள்ளார்.
அழிக்கும் உரிமை மேற்பார்வையாளருக்கு உண்டு.
அவர் தினமும் அந்த வரியைத் தாண்டி
அடுத்த பெயரை வாசிக்கிறார்.

ஓடுபாதையில் கைவிளக்கோடு ஆறு பேர்
வரிசையாய் நடந்து ஆணி பொறுக்கி முடித்தார்கள்.
ஐந்து மணி. கதவு.

கேட்காமலே சப்பாத்தைக் கழற்றுகிறார்கள்.
தேவைக்கு மேல் நன்றி சொல்கிறார்கள்.
ஒரு குழந்தை இயந்திரத்துக்கு வெகு முன்னாலேயே
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

தாடி வைத்த ஓர் இளைஞன்
பையைத் தானே திறந்து
சட்டை சட்டையாய் எடுத்து உதறிக் காட்டுகிறான்.
வேண்டாம், என்கிறேன்.
பழகிவிட்டது, என்கிறான்.

ஓமந்தைச் சாவடியில் ஒருநாள்
மாம்பழத்தை அறுத்துக் காட்டச் சொன்னார்கள்.
அறுத்தேன். கொட்டை வரைக்கும்.
அந்தச் சாறு முழங்கையில் காய்ந்தது ஞாபகம்.

புதிய விதி: பத்தில் ஒருவரை இயந்திரமே தேர்ந்தெடுக்கும்.
அதற்குக் கண் இல்லை, முகம் பார்க்காது என்று
எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள்.
விளக்கு எரிந்தது.
அவனுக்குத்தான்.

இது தற்செயல், என்றேன்.
என் குரலே அதை நம்பவில்லை.
கையுறையைக் கழற்றிப் புதிய சோடி மாட்டினேன்.
அவன் அதைக் கவனித்தான்.
மீசான் ஆண் பணியாள், அவன் வந்து தடவினான்,
நான் சட்டைகளை மடித்தேன்,
அவன் மடித்திருந்ததைவிடக் கொஞ்சம் நன்றாக.

அப்போது எங்கோ ஒரு தட்டு விழுந்தது.

மண்டபமே குனிந்தது.
நாய்க்காரர், லூக்காஸ், நான்,
இரண்டு நாடும்.
தட்டு தரையில் சுழன்று சுழன்று
நிற்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டது.
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நிமிர்ந்தோம்.
அதைப் பொறுக்கி அடுக்கில் வைத்தது அந்த இளைஞன்,
ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு.

ஆறு பத்துக்கு முதல் விமானம்.
ஒட்டுப்பலகை அதிர்ந்து, பிறகு அடங்கியது.
யாரும் கைதட்டவில்லை.
தண்ணீர்ப் போத்தல் ஏதும் உண்டா, என்று கேட்டேன்
அடுத்தவரை.