நான்கு மூக்கு

யவன ராசாக்களை எனக்கு மூக்கால்தான் தெரியும்.
கொடுமணல் சந்தையில் பதினேழு வருடமாகக்
காசு நோட்டம் பார்க்கிறேன்.
கணவாய் தாண்டி வரும் கழுதைப் பொதியில்
பழைய மூக்கு நீளம், நேர்.
நாக்கில் வைத்தால் வெள்ளி குளிரும்.
அவன் செத்து முப்பது வருடமாம்.
எங்கள் சந்தையில் இன்னும் அவன்தான் ஆட்சி.
உப்பு விற்கிறவள்கூட
"அந்தக் கிழவன் காசாகக் கொடு" என்பாள்.

பிறகு வந்தவனுக்கு இரட்டைத் தாடை.
வருடத்துக்கு வருடம் அவன் கழுத்துப் பெருக்க
காசுக்குக் காசு வெள்ளி இளைத்தது.

அப்புறம்
ஒரு கார்காலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
நான்கு மூக்கு.

முசிறித் தரகன் அந்துவன் பாக்கை மென்றபடி சொன்னான்:
முதலாமவன் கஞ்சன்,
காவல்காரருக்குப் பேசிய கூலியைத் தரவில்லை.
நடுச்சந்தையில் பல்லக்கைக் கவிழ்த்துத் தலையை எடுத்தார்கள்.
வழுக்கைத் தலை, பிடிக்க மயிரில்லை,
வாய்க்குள் விரல்விட்டுத் தூக்கிப் போனார்களாம்.
இரண்டாமவன் ஆளுக்கு இவ்வளவென்று பேசி ஏறியவன்.
மூன்று மாதம்.
மூன்றாமவன் தின்றே தீர்த்தான்.
"நான்காமவன்?"
"கப்பல் கிளம்பும்போது இருந்தான்."

மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து வைத்தான்.
படியூர்ப் பச்சை. எனக்குத் தெரியும் அதை,
அடியில் மயிரிழையாய் ஒரு கீறல்.
இங்கிருந்து மொட்டையாகப் போனது
பாதி முகத்தோடு திரும்பியிருந்தது:
நெற்றி, ஒரு கண், மூக்கின் தொடக்கம்.
செதுக்கி முடிக்குமுன் ஆள் முடிந்துபோனான்.
"அரைத்து எடுத்துவிட்டால்?"
நான்கு குன்றிமணி எடை போகும் என்றேன்.
போகட்டும் என்றான்.

கடலுக்கு அந்தப்பக்கத்துக் கதை என்றுதான் இருந்தேன்.
கருவூரில் பெரியவர் கண்மூடிய மறுநாள்
இளைய மகன் கடுங்கீரனின் ஆள் வந்தான்,
ஐந்து பானைக் காசோடு.
'நல்ல வெள்ளி' என்று முத்திரை வை.
அண்ணன் ஊர் திரும்புமுன்
வேல்காரர் கையில் சேர வேண்டும்.
வைத்தேன்.
என் பங்கு ஒரு கறவைப் பசு,
நொய்யல் வாய்க்காலில் ஒரு முறைத் தண்ணீர்.
இந்த மண்ணில் தண்ணீர் தருகிறேன் என்றால்
வேண்டாம் என்பவன் யார்?

இன்றிரவு கதவைத் தட்டியவர்கள் பதினொரு பேர்.
காலில் செம்மண், வேலில் எண்ணெய்.
ஒருவன் காசைப் பட்டடைமேல் வைத்தான்.
இரட்டைத் தாடைக்காரன் கூரையைப் பார்த்துக் கிடந்தான்.
"வெட்டிக் காட்டு."

கன்னத்தில் உளி இறங்கினால்
செம்பு சிரித்துவிடும்;
விடிவதற்குள் கருவூரில் வேறு மூக்கு.
காதோரம் இறக்கினால்
அங்கே மட்டும் தகடு இரண்டு மடிப்பு,
வெள்ளைதான் தெரியும்.
இதை அறிந்தவன் இந்தச் சந்தையில் நான் ஒருவன்.

கொட்டிலில் பசு அசைபோடும் சத்தம்.
விளக்கைக் கொஞ்சம் கிட்டே பிடி என்றேன்,
முகம் தெரியட்டும்.