நால்வருக்கு ஒரு நவம்பர்

ஜூனில் ஸ்காட்லாந்துக்கு இருட்டவே மனசு வராது,
இரவு பத்து மணிக்கும் பந்து தெரியும் என்றேன்.
ஜூனில் மருமகளுக்குப் பிரசவம் என்றார் பழநியப்பன்.

ஆழ்வார்ப்பேட்டை, தரைத்தளம், பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
இங்கே உட்கார்ந்துதான்
உலகத்தின் வெயிலை மாதம் மாதமாகப் பிரித்து விற்கிறேன்.
கோல்ஃப் ஆடியதில்லை.
நந்தனம் சிக்னலில் பஸ் நிற்கும்போது
சுவருக்கு மேலே ஒரு சின்னக் கொடி தெரியும்.
அவ்வளவுதான் எனக்கும் அதற்கும்.

ஆனால் தெரியும்.
டா நாங்கில் ஏப்ரல் புல் உலர்ந்திருக்கும்,
அக்டோபர் வந்தால் குழியெல்லாம் குளம்.
துபாய் ஜூலை பந்தை அல்ல, ஆளை அடிக்கும்.
நியூஸிலாந்துக்குப் பொங்கல்தான் கோடை.
மார்ச்சில் சியாங் மாய் வேண்டாம்,
வயல் எரிக்கும் புகையில் மலையே காணாமல் போகும்.

ஆடிட்டர் சௌரிராஜனுக்கு
மார்ச் இல்லை, ஜூலை இல்லை, செப்டம்பர் இல்லவே இல்லை.
வருமான வரித்துறை வகுத்த பருவங்களில் வாழ்கிறவர்.
டாக்டர் இருதயராஜ் டிசம்பரில் நகர மாட்டார்,
சாந்தோம் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது மட்டும்.
ஹபீபுல்லா சாருக்கு நோன்பு மாதம் ஆகாது.
வருஷத்துக்குப் பதினொரு நாள் பின்னால் நடந்து நடந்து
எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும் மாதம் அது.
"உங்க கம்பெனியவிட அதிகம் சுத்தினது எங்க ரமலான்"
என்று சிரித்தார்.
பழநியப்பன் ஆடியில் எதையும் தொடங்க மாட்டார்.
மற்ற மாதங்களுக்கு வீட்டில் கேட்க வேண்டும்.

சிவப்புப் பேனா ஓய்ந்தபோது
மிச்சம் இருந்தது
நவம்பர் பதினாறு முதல் பத்து நாள்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி,
இளவேனில், முதுவேனில்
என்று மூச்சு விடாமல் ஒப்பித்து
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான்.
எக்செல்லில் அவற்றுக்கு வரிசை கிடையாது.
சியாங் மாய் என்றேன்.
மழை விட்டிருக்கும், குளிர் வந்திருக்காது,
புல் அப்போதுதான் தலை துவட்டியிருக்கும்.
நால்வரும் டூர் போகிற பையன்கள் மாதிரி
ஒரே நேரத்தில் பேசினார்கள்.
ஹபீபுல்லா சார் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வைத்தார்,
"காகிதம் பறக்காது மேடம்."

மட்டைப்பை எத்தனை கிலோ, கேடிக்கு எவ்வளவு டிப்ஸ்,
சைவச் சாப்பாடு ஒன்று, ஹலால் ஒன்று,
அந்த ஊரின் பத்து வருட மழைக்கணக்கு,
எல்லாம் பார்த்தேன்.
நம்மூர் மழையை நால்வரில் ஒருவரும் கேட்கவில்லை.
நானும்.

பதினைந்தாம் தேதி மாலை
வங்கக் கடலில் ஒரு புள்ளி சுழலத் தொடங்கியது.
நள்ளிரவில் மீனம்பாக்கம் ஓடுபாதை ஏரி.
இரண்டே காலுக்கு ஒரு படம் வந்தது:
திருப்பிக் கொடுத்த பைகளுக்கு நடுவே
பழநியப்பன் குனிந்து நிற்கிறார் மட்டையோடு.
பத்தடி தள்ளிக் காலி காபிக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார்
நூற்றுக்கணக்கான நெஞ்சைத் திறந்த டாக்டர்.
சௌரிராஜன் போர்டிங் பாஸ் முதுகில் கணக்கு எழுதுகிறார்.
துடைப்பத்தை அப்படியே நிறுத்தி
பந்து கடக்கக் காத்திருக்கிறார் ஒரு துப்புரவுக்காரர்.
கீழே: முதல் குழி.

காலையில் ஷட்டரைத் தூக்கினேன்.
கெண்டைக்கால் அளவு தண்ணீர்.
வாளி மிதந்தது. செருப்பு மிதந்தது.
ஸ்காட்லாந்தின் புல்வெளி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.
மேஜை சாய்ந்திருந்தது, பந்தைக் காணோம்.
கோல்ஃப் பந்து மிதக்காது என்பது
இத்தனை வருஷம் விற்ற எனக்கு அன்றுதான் தெரிந்தது.
முழங்கை வரை விட்டுத் தடவினேன்.
எலும்பில் ஏறியது குளிர்,
ஓ, கூதிர் என்றால் இது.
விரலில் முதலில் பட்டவை அதன் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

மறு கையில் போன் அடித்தது.
சௌரிராஜன்.
"ரீஃபண்ட் எந்த மாசம்மா வரும்?"

தை, என்றேன்.
எதையும் பார்க்காமல்.