ஓடாத படகுக்குக் கரண்டு

ஜூன் பிறந்தால் பைக்காராவில்
மழைதான் டிக்கெட் கவுண்டரைப் பூட்டும்.
ஆறு மோட்டார் படகும்
தார்ப்பாய் போர்த்திக் கரையில் கிடக்கும்.
அன்று சாயங்காலமே மேனேஜர் குணசீலன்
ஷெட்டின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுக் கேட்டார்:
"ஓடாத படகுக்கு எதுக்கும்மா கரண்டு?"

ஓடுறது தன்னைத் தானே பாத்துக்கும் சார்,
ஓடாததுக்குத்தான் வேணும் என்றேன்.
அவர் குடையை விரித்தார்.

நிற்கும் பேட்டரி சும்மா நிற்பதில்லை.
உள்ளுக்குள் கசிந்தபடியே இருக்கும்.
ஈயத் தகட்டில் வெள்ளையாக உப்புப் படியும்.
இறுகிவிட்டால் பிறகு
யார் வந்து தட்டினாலும் திறக்காது.

ஆறையும் கழற்றினேன்.
பைக்கின் டாங்கில் சாக்கு விரித்து
நடைக்கு ஒன்று, தொடைகளால் இடுக்கி,
சாண்டிநல்லா வரைக்கும்.
காலில் அட்டை.
மூன்றாம் நடையில் ஸ்வெட்டரில் ஒரு சொட்டு அமிலம்;
காலையில் அந்த இடத்தில் விரல் நுழைந்தது.

வாயு வரும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது.
விறகுக் கொட்டகையிலோ ப்ளக் இல்லை.
சார்ஜர்களை ஜன்னல் திட்டில் வைத்து
ஒயர்களை வெளியே விட்டேன்.
அதோடு ஜன்னல் மூடவில்லை,
ஒரு சுண்டுவிரல் அகலம்.

அந்தச் சுண்டுவிரல் வழியாக
மூடுபனி வந்து குடியேறியது.
தீப்பெட்டி நமுத்தது.
மகளின் கணக்கு நோட்டில்
வகுத்தலெல்லாம் நீலமாய்க் கரைந்தது.
ஞானமுத்து பழைய பாவாடையைத் திணித்துப் பார்த்தார்.
"உன் பிள்ளைங்க ஏழு பேரும் சௌக்கியமா?"
என்பார், இருமலுக்கு நடுவே.

ஏழுதான்: ஏழாவது என் பைக்.
சேற்றில் அதுவும் ஓடாது, எனக்குப் பஸ்.
சார்ஜர் மூன்று,
ரேஷன் வரிசைபோல முறை வைத்தேன்.
சிவப்பு முதலில், கறுப்பு பிறகு,
கழற்றும்போது தலைகீழ்.

முன்பு ஒரு பழைய சார்ஜர் இருந்தது.
போதும் என்பதே அதற்குக் கேட்காது.
ஊட்டி ஊட்டி, நான்காம் நம்பரை
வயிறு உப்பத் தண்ணீர் வற்றக் கொதிக்கவைத்துக் கொன்றது.
இது அப்படியில்லை.
நிறைந்ததும் கையை எடுத்துக்கொள்ளும்,
இறங்கினால் மட்டும் ஒரு வாய்.
ஞானமுத்துவிடம் இதைச் சொன்னபோது
"எங்கம்மாவைச் சொல்றியா?" என்றார்.

ஆடியில் கற்பூர மரம் விழுந்து லைன் அறுந்தது.
மூன்று நாள்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மீட்டரை வைத்தேன்:
பன்னிரண்டு புள்ளி ஏழு.
பன்னிரண்டு புள்ளி ஏழு.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
இரண்டாம் நம்பர் படகு மட்டும்
பன்னிரண்டு புள்ளி மூன்று.
அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வேறென்ன செய்ய முடியும்.

பில் நூறு யூனிட்டைத் தாண்டவில்லை.
குணசீலனிடம் காட்ட என்று
மடித்து வைத்தேன். காட்டவில்லை.

செப்டம்பரில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம்
ஆரஞ்சு ஜாக்கெட்டில் பொம்மைகள் மாதிரி ஏறி உட்கார்ந்தது.
சாவியை ஒரு திருப்பு.
குளம் முழுக்கச் சத்தம்.
"புது பேட்டரியா?" என்றார் மேனேஜர்.
பழசுதான் சார்.
"பரவாயில்லையே" என்று ரெஜிஸ்டரைப் புரட்டினார்.
இரண்டாம் நம்பர் மட்டும் மூன்றாவது திருப்பில்,
ஞானமுத்து போலவே இருமிக்கொண்டு.

ராத்திரி ஒயர்களைச் சுருட்டினேன்,
பாவாடையை உருவினேன்.
ஜன்னல் டப்பென்று மூடிக்கொண்டது.
அறை வேறு யாருடையதோ போலச் சூடாக இருந்தது.
மூன்று பச்சைப் புள்ளிகள் விழும் சுவரில்
ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"தூக்கம் வரலியா?"
ம்.
"கொஞ்சம் திறந்து விடட்டா?" என்றார்,
இருமாமல்.