கருவாடு பொரிக்கலாமா

முதல் வீடு பதினெட்டாம் மாடி,
தஞ்சோங் தோக்கோங்.
ஏஜெண்டு டியோ
கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தார்.
எண்பதாயிரம் வெள்ளி கூடுதல் விலையில்
கடல்
அசையாமல் கிடந்தது.

குகனேசன் கம்பியைப் பிடித்தபடி
பேசவேயில்லை.
முப்பத்தொரு வருஷம் பாயான் லெப்பாஸில்
ஜன்னலில்லாத அறைக்குள்
தலைமுதல் கால்வரை வெள்ளைத்துணி சுற்றி
நகக்கண் அளவுச் சில்லுகளில்
கீறல் தேடிய கண்கள்.
தூரத்தைப் பார்த்துப் பழக்கமில்லை.
கடலிலும் கீறல் தேடுகிறார் போல.

நான் சமையலறையைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:
"இங்கே கருவாடு பொரிக்கலாமா?"

டியோ சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து
விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
பால்கனியில் துணி காயக்கூடாது.
பூனை கூடாது.
அண்டை வீட்டாரைச் சங்கடப்படுத்தும் வாசனை கூடாது.
இதெல்லாம் போக
மிச்சமிருந்த என்னை எண்ணிப் பார்த்தேன்.

இறங்கும்போது காவலாளிப் பையன் சொன்னான்:
பின்னால் இருக்கிற பழைய பிளாக்கும்
கடலோர வீடாகத்தான் இருந்ததாம்.
மண் கொட்டினார்களாம்.
இருந்த இடத்தில் இருந்தபடியே
கடலைவிட்டுத் தள்ளிப் போனார்களாம் அவர்கள்.

ஜெட்டிக்குச் சும்மா பார்க்கத்தான் போனோம்.
மரக்கால்கள்மேல் வீடுகள், பலகை வழி,
எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர்.
கெராங் உடைத்துக்கொண்டிருந்தவள்
என் குடும்பப் பெயர் என்னவென்றாள்.
எங்களுக்கு அது கிடையாது, அக்கா.
அடையாள அட்டையில்
அப்பா பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில்
ஒரு சாய்கோடு இருக்கிறது.
அதன்மேல் பலகை போட முடியாது.

பத்து ஃபெரிங்கியில் எல்லாரும் நல்லவர்கள்.
விடியலில் யோகா, ஞாயிறு சந்தை,
கரையில் குப்பை பொறுக்க ஒரு குழு.
எல்லாரும் என்னைப் பார்த்து
ஒரே அளவு சிரித்தார்கள்.
கருவாடா? தாராளமாக.
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று
பார்த்துவிட்டு.

இரவு நோட்டில் நடுவே கோடு கிழித்தோம்.
அவர் பக்கம்: கடல் தெரிய வேண்டும்.
அதற்குக் கீழேயும்: கடல் தெரிய வேண்டும்.
என் பக்கம்: பஸ்.
பல் டாக்டர்.
கோயில், ஒலிபெருக்கி எட்டாத தூரத்தில்.
நெய்தலுக்கு இரங்கல் என்று
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான்;
காத்திருந்து அழுவதற்குக் கரை வேண்டாம்.
கடைசியாக எழுதினேன்:
இரண்டு நாள் நான் கதவு திறக்காவிட்டால்
யாராவது வந்து தட்ட வேண்டும்.

அதை அவர் வாசித்தார்.
தன் பக்கத்தில் ஒன்றை அழித்தார்.
எதை என்று காட்டவில்லை.

தெலுக் கும்பாரில் ஒற்றை மாடி, வரிசை வீடு.
உள்ளேயிருந்து கடல் தெரியாது.
கொல்லைக் கதவைத் திறந்தால்
சேற்று வாசம்தான் முதலில் வந்தது.
டியோ மன்னிப்புக் கேட்டார்.
என் கேள்விக்கு வேலையே இல்லை:
எதிர்வேலியில் பதில் காய்ந்துகொண்டிருந்தது,
உப்புப் பூத்து, ஈ மொய்த்து.

சந்தில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த ஜம்ரி
தலை நிமிராமல் கேட்டார்:
"வாங்க வந்தீர்களா, இருக்க வந்தீர்களா?"
பிறகு நிமிர்ந்து
எங்களைத் தாண்டி எதையோ பார்த்தார்.
தூரத்தில் ஒரு மணல் கப்பல் நின்றது.

இதுவரை
கேள்வி கேட்டது நான்.

டியோவுக்கு மணி மூன்று, இன்னொரு வீடு,
காரில் ஹார்ன் அடித்தார்.
குகனேசன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு
மெதுவாகக் குந்தினார்.
கழற்றி வைத்த பிளக்கை எடுத்து
வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பி,
"இங்கே ஒரு கீறல் இருக்கு," என்றார்.
ஜம்ரி கையைத் துடைத்துக்கொண்டு
பக்கத்தில் வந்து பார்த்தார்.

நான் வேலிவரை நடந்து போய்
விலை கேட்டேன்.
சூடைக் கருவாடு,
அரைக் கிலோ.