சொல்லாமல் போட்ட உப்பு

சோஹார், ஃபலஜ் பக்கம், லேபர் கேம்ப்.
பதினாலாம் நம்பர் அறையில்
ஆறு கட்டில், ஒரு ஏசி.
ஏசிக்கு நேர்கீழே மீரான்.
அவன் தூங்கினால்தான்
மற்ற ஐந்து பேருக்கும் தூக்கம்.

போன வருஷம் பதினோரு ராத்திரி அவன் தூங்கவில்லை.
சாரக் குழாய்களைத் தட்டித் தட்டி
கடலுக்கு அடியில் பாலம் போடக் கணக்குச் சொன்னான்.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
அதுதான் பயம்.

பன்னிரண்டாம் நாள்
குல்ஸமான் பிக்கப்பின் முன்சீட்டில் அவனை உட்காரவைத்து
மஸ்கட் கொண்டுபோனான்.
இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
மீரான் பஷ்தோ பேசிக்கொண்டே வந்தான்.
அவனுக்குப் பஷ்தோ தெரியாது.
குல்ஸமான் பதிலும் சொன்னான்.

மலையாளி நர்ஸ் விளக்கினாள்:
இதுவும் ஒரு வகை உப்புதான்,
நாள் தவறக் கூடாது,
தண்ணீர் குறையக் கூடாது,
மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்க்கணும்.
வெயிலில் வேலையா என்று கேட்டாள்.
நாங்கள் முதுகைத் திருப்பிக் காட்டினோம்.
நீலச் சட்டையில் வெள்ளை வெள்ளையாய்
காய்ந்துகிடந்தது எங்கள் உப்பு.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டான்.
அப்புறம் கை நடுங்கியது,
நாற்பதடி உயரத்தில் ஸ்பேனர் பிடிக்கிற கை.
ஃபோர்மேன் கண்ணில் படுமுன் நிறுத்திவிட்டான்.
யாரிடமும் மூச்சு விடவில்லை.
துணி துவைக்கிற வெள்ளிக்கிழமை
அவன் தலையணை உறைக்குள்ளிருந்து
பத்தொன்பது எண்ணினேன்.

அதற்கு நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.
ஸ்பூனால் நசுக்கினேன்.
சுலைமானியில் எலுமிச்சை பிழிந்து
சர்க்கரையைக் கூட்டிக் கலக்கிக் கொடுத்தேன்.
ஒரு மிடறு குடித்தான்.
விழுங்காமல் நாக்கில் வைத்துக்கொண்டே
என்னைப் பார்த்தான்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்பாக.
சொல்லாம உப்பிட்டவனை
என்ன செய்யணும் வே?"

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.
அதன்பின் நாற்பது நாள்
என் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கவில்லை.
கடை பாட்டில்தான்,
மூடியின் சீல் உடைகிற சத்தத்தைக்
காதால் கேட்டபிறகுதான் குடிப்பான்.

நாற்பத்தோராம் நாள் அவன் மனம் மாற
நான் ஒன்றும் செய்துவிடவில்லை.
சைட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்,
சர்க்கரை நானூற்றுப் பத்து.
என் பெட்டியைத் திறந்து அவன் எண்ணினான்.
தொடாத என் மாத்திரைகள், இருபத்திரண்டு.
"ஒனக்கு யாரு டீயில கலக்குறது?"

சிரித்தோம். பிறகுதான் பேசினான்.
"கை நடுங்குனா கீழ விழுவேன்.
மாத்திரைய விட்டா பறப்பேன்.
எதுல வே சாவு கம்மி?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
இதை இப்படியே டாக்டரிடம் கேள் என்றேன்.
கேட்டான். அளவு மாறியது.
வேலையும் மாறியது.
இப்போது ஸ்டோரில் கிளாம்ப் எண்ணுகிறான்,
மாதம் பதினைந்து ரியால் குறைவு.
அந்தப் பதினைந்தை
மாதம் ஒருதரம் சொல்லிக்காட்டுவான்,
சொல்லட்டும்.

ராத்திரி ஒன்பதுக்கு இரண்டு பாட்டில்.
இரண்டு சீலையும் அவன்தான் உடைப்பான்.
அவனுக்கு உப்பு, எனக்குச் சர்க்கரைக்கு.
நாக்கைத் தூக்கிக் காட்டு என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.

எல்லா நாளும் நடக்குமா என்ன.
நேற்று, மணி பதினொன்றாகியும்
புதன்கிழமைக் கட்டம் மூடியபடியே இருந்தது.
"புதன் இருக்கு" என்றேன்.
"தெரியும்" என்றான்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

விளக்கை அணைத்தோம்.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.
குல்ஸமானின் குறட்டை
ஏறி இறங்கி ஓய்ந்து
மறுபடி ஏறும்போது,
இருட்டில் எங்கோ
ஒரு மூடியின் சீல் உடைந்தது.

எந்தக் கட்டில் என்று
எழுந்து பார்க்கவில்லை நான்.